எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்காவது கார் வாங்கும் யோசனை வந்தால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். என் கணக்கு அறிவை நம்பி அல்ல. ஒரு சாதாரண பள்ளிக்கூட டீச்சர் ஜெர்மன் கம்பெனி வண்டியில் வந்து இறங்கினால், அவளுக்குக் கார்களைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

தெரியும்தான். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்க வேறு பேச்சே இல்லை. செடான் என்றால் பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் தாழ்வான வண்டி. கிராஸ்ஓவர் என்றால் காரின் சொகுசும் ஜீப்பின் உயரமும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு ஆட்களுக்கும் ஒரு பெரிய சத்தத்துக்கும் மட்டும் இடமுள்ள வண்டி. இவ்வளவு சொன்னால் போதும் என்று நினைப்பேன். ஆனால் கேட்கிறவர்கள் விடமாட்டார்கள். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க டீச்சர்" என்பார்கள். அனுபவத்தைச் சொல்லத் தொடங்கினால் மணி அடித்துவிடும். அதனால் ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

நாங்கள் அந்த வண்டியை வாங்கியது என் மாமியாருக்காக. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமா இறந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். தேவாலயப் பாடகர் குழுவில் இளமையிலிருந்து பாடியவர். ஒரு கீர்த்தனையின் நீளமான வரியை ஒரே மூச்சில் பாடிவிட்டு, பக்கத்தில் நிற்பவர்கள் மூச்சு வாங்குவதைக் கொஞ்சம் பெருமையோடு பார்ப்பார். அந்த அத்தைக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது மூச்சு மாறும். அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தின் மூடி போல நெஞ்சுக்குள் ஒரு சத்தம் வரும். முதல் தடவை அப்படி வந்தபோது, எங்களிடம் இருந்த பழைய சின்னக் காருக்குள் அவரை உட்காரவைப்பதற்குள் என் கணவருக்கும் எனக்கும் உயிர் போய் உயிர் வந்தது. முழங்கால் மடங்கவில்லை, தலை இடித்தது, கதவு சாத்தவில்லை.

டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். "மூச்சு மாறுச்சுன்னா ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காதீங்க. கையில வண்டி இருக்கில்ல, உடனே ஏத்திட்டு வந்துடுங்க. உங்க அம்மா விஷயத்துல நேரம்தான் மருந்து."

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஒரு முடிவு செய்தார். கூடுவாஞ்சேரியில் மாமா எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனை ஒன்று அவர் பெயரில் இருந்தது. அதை விற்கச் சொன்னார். "உங்கப்பா வாங்கினது. அதை வெச்சு நல்ல வண்டியா ஒண்ணு வாங்கு. நான் கோயிலுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மனுஷி மாதிரி உக்காந்து போகணும்" என்றார். நான் சாதாரண வண்டியே போதும் என்றேன். அத்தை கேட்கவில்லை. "அவரு எனக்கு ஒரு நல்ல வண்டி வாங்கித் தர்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. இப்போ தர்றாரு" என்றார். அதற்கு மேல் மருமகள் என்ன பேச முடியும்?

என் கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர். ஒரு கத்தரிக்காய் வாங்கினாலும் நாலு கடை ஏறி இறங்குவார். இப்படிப்பட்டவர் கையில் சொகுசுக் கார் வாங்கும் வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? சாப்பிடும்போது போனில் வீடியோ, படுக்கும்போது போனில் வீடியோ. நான் குக்கர் எத்தனை விசில் என்று கேட்டால், ஏதோ ஒரு வண்டியின் குதிரைத் திறனைச் சொல்வார்.

முதலில் செடான். ஜி.எஸ்.டி. சாலையில் கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு ஷோரூம். அங்கே விற்பனை பார்க்கும் பெண் அத்தையை "ஆன்ட்டி" என்று கைபிடித்து அழைத்துப் போய்ப் பின்சீட்டில் உட்காரவைத்தாள். நான் பக்கத்தில் ஏறினேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. கதவைச் சாத்தியதும் ஜி.எஸ்.டி. சாலையே வாயை மூடிக்கொண்டது. அத்தை காலை நீட்டினார். இன்னும் இடம் இருந்தது. "தேர் மாதிரி இருக்கு" என்றார்.

ஓட்டிப் பார்த்ததில் ஊரப்பாக்கம் வரை தேர்தான். அங்கே ஒரு உள்தெருவுக்குள் திரும்பிப் பார்க்கலாம் என்றார் என் கணவர். நம் ஊர் வேகத்தடைகளைப் பற்றித்தான் தெரியுமே. யாராவது ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், வெள்ளைக் கோடுகூட இருக்காது. வண்டியின் அடிவயிறு அதில் தேய்ந்த சத்தம் எங்கள் எல்லோருடைய பல்லிலும் கேட்டது. அந்தப் பெண் மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். அதைக்கூடப் பொறுத்திருப்போம். திரும்பி வந்து இறங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. சீட் தாழ்வு. அத்தையால் எழுந்திருக்க முடியவில்லை. நான் ஒரு கையையும் அந்தப் பெண் ஒரு கையையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. எழுந்த பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"நல்ல வண்டிதான். உக்கார சுலபமா இருக்கு. எழுந்திருக்கத்தான் ஆள் வேணும்" என்றார் அத்தை.

அடுத்தது ஸ்போர்ட்ஸ் கார். இதை ஏன் பார்க்கப் போனோம் என்று கேட்காதீர்கள். என் கணவர் காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோது விடுதிச் சுவரில் ஒரு சிவப்புக் காரின் படத்தை ஒட்டிவைத்திருந்தாராம். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று நான் கிண்டல் செய்தேன். "சும்மா பாக்கறதுதானே" என்றார். வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். முதுகு தரையிலேயே உரசுவது போல இருந்தது. ஒவ்வொரு பள்ளமும் நேராக இடுப்புக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அந்த முகம் கிடையாது. எனக்குத் திடீரென்று அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. இந்த மனிதர் தனக்கென்று ஒரு சட்டை வாங்கிக்கூட நான் பார்த்ததில்லை.

ஷோரூமில் காத்திருந்த அத்தை குனிந்து அந்த வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பின்னால் ஒரு பை வைக்கிற அளவுக்கு இடம். "இதுல நான் எங்கடா உக்காருவேன்?" என்றார்.

"உனக்கில்லம்மா. சும்மா பார்த்தேன்." இவர் சாவியைக் கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

கிராஸ்ஓவர் கதை சின்னது. கதவைத் திறந்தார்கள். சீட் அத்தையின் இடுப்பு உயரத்தில் இருந்தது. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காருவது போல முதலில் உட்கார்ந்தார், பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டார். யார் கையையும் பிடிக்கவில்லை. கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து ராணி மாதிரி தலையசைத்தார். ஓட்டம் செடான் அளவுக்கு வழுக்கவில்லை, திருப்பங்களில் கொஞ்சம் சாய்ந்தது, ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டின கைக்கு அது எருமை மாதிரி இருந்திருக்கும். இவர் அதைச் சொல்லவில்லை.

எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று அந்த ஷோரூமில் இருந்த பெண் கேட்டாள். முடிச்சூர் பக்கம் ஏரிக்குக் கீழே என்றதும், "அப்போ இதுதான் மேடம் உங்களுக்கு. இந்தளவு தண்ணியில தாராளமா போகும்" என்று தன் முழங்காலுக்கு மேல் கையை வைத்துக் காட்டினாள். அந்தக் கை நின்ற உயரம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வண்டி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஆயர் பானெட்டின் மேல் கைவைத்து ஜெபம் பண்ணினார். எதிர்வீட்டு அக்கா எலுமிச்சம்பழங்களோடு வந்து, "நீங்க ஜெபம் பண்ணிருப்பீங்க, இருந்தாலும் இதையும் டயருக்குக் கீழ வெச்சு ஏத்திடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். அத்தை ரொம்ப மரியாதையாக வாங்கிக்கொண்டார். மறுநாள் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதம்.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் அத்தைக்கு மூச்சு மாறியது. கதவைத் திறந்தோம், உட்கார்ந்தார், கிளம்பினோம். அவ்வளவுதான். "சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றார் டாக்டர். திரும்பி வந்த அன்று என் கணவர் வண்டியைத் தானே கழுவினார். அதன் முன்பக்கத்தை ஒரு மாட்டைத் தடவிக் கொடுப்பது போலத் தடவிக் கொடுத்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாங்கியது சரிதான் என்று எனக்கும் அன்றைக்குத் தோன்றியது.

இனி பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெருமழை வரப்போகிறது என்று டிவியில் சொன்னதும் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழு விழித்துக்கொள்ளும். ஏரி நிரம்பி வழிந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும், காருக்குள் தண்ணீர் புகுந்தால் தீர்ந்தது. அதனால் எல்லோரும் மழைக்கு முன்பே வண்டியைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு வருவார்கள். இதில் ஒரு கௌரவமும் இருக்கிறது. முதலில் போகிறவர்களுக்குப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரத்தில் நல்ல இடம். ஒருபக்கம் சுவர் பாதுகாப்பு, யாரும் இடிக்க முடியாது. பிந்திப் போகிறவர்கள் அடுத்த வரிசையில் விட வேண்டும். உறை போட்டு, கயிறு கட்டி, டயருக்குக் கல் வைத்து, போட்டோ எடுத்துக் குழுவில் போடுவார்கள். கீழே "சூப்பர் சார்" என்று நாலு பேர் சொல்வார்கள். செடான்காரரும் கிராஸ்ஓவர்காரரும் அங்கேதான் ஒருவர் வண்டியை ஒருவர் சாவகாசமாகச் சுற்றிப் பார்ப்பார்கள். பாலத்தின் அடியில் டீக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம்.

அந்த வருஷம் மழை எச்சரிக்கை வந்தபோது என் கணவர் கொஞ்சம் தயங்கினார். அத்தை மூச்சு ஒரு வாரமாக நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கறே?" என்றார் அத்தை. "எதிர்வீட்ல எடுத்துட்டாங்க பாரு. கொண்டுபோய் விட்டுட்டு வா. உங்கப்பா நிலம்டா அது. தண்ணியில விட்டுடாதே. நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். தெரு முழுக்கக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. இவரும் போனார். எப்போதும் போல முதல் ஆளாக. சுவரோரத்தில் அருமையான இடம் கிடைத்தது என்று போட்டோ அனுப்பினார். நான் அதற்கு ஒரு கட்டைவிரலை அனுப்பினேன்.

விடியும் நேரத்தில் அத்தை அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பாத்திர மூடியின் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உதடு நிறம் மாறியிருந்தது. வெளியே தெருவில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அனுப்புகிறோம், ஆனால் வழியில் மரம் விழுந்திருக்கிறது, சுற்றித்தான் வர முடியும், தெருவுக்குள் தண்ணீர் என்றால் மெயின் ரோட்டுக்கு நீங்கள் வந்துவிட வேண்டும் என்றார்கள். இவர் அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாலத்தை நோக்கித் தண்ணீருக்குள் ஓடத் தொடங்கியிருந்தார். தண்ணீருக்குள் யாரால் ஓட முடியும்? ஓடுவது மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

நான் மாடிப்படியில் ஏறி நின்று, யாரிடமாவது வண்டி இருக்கிறதா என்று தெருவைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டு போர்டிகோவும் காலியாக இருந்தது. எங்கள் தெருவில் இல்லாத வண்டியா? செடான் இருக்கிறது, ஜீப் மாதிரி ஒன்று இருக்கிறது, முனை வீட்டில் ஒருவருக்கு இரண்டு கார். ஒன்றுகூட இல்லை. எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒரு துளி தண்ணீர் படாமல், உறை போட்டு, கயிறு கட்டி, பாலத்தின் மேல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

எதிர்வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே, "ஐயோ, எங்களதும் பாலத்துலதானே இருக்கு" என்று அழத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் தெருக்கோடியில் வாடகைக்கு இருக்கிற, வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் அண்ணன் வெளியே வந்தார். அவருடைய குட்டி யானை, அந்தச் சின்ன லோடு வண்டி, வாசலிலேயே நின்றது. மழை நாளில்தான் கேனுக்குக் கிராக்கி. அவர் அதைப் பாலத்தில் விட்டால் பிழைப்பு என்னாவது? நான் கையைத் தட்டிக் கூப்பிட்டதும் நின்றார்.

"இன்னாக்கா, அம்மாக்கு முடிலையா? கார் எங்க?"

"பாலத்துல அண்ணா."

"நம்ம வண்டி கீதே. ஒரு சேர் எத்துனு வாக்கா, பின்னால போட்டுக்கலாம். நின்னுகினே இருந்தா பேஜாராயிடும்" என்றார்.

கேன்களை இறக்கிவிட்டு, எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியை வண்டியின் பின்பக்கத் தளத்தில் வைத்தோம். எதிர்வீட்டு அக்காவின் கணவரும் கேன் அண்ணனும் அத்தையை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். நான் பின்னால் நின்று அவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். யாரோ ஒரு தார்ப்பாயைத் தூக்கிப் போட்டார்கள். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. மனுஷி மாதிரி உட்கார்ந்து போக வேண்டும் என்று நிலத்தை விற்றவர், கேன் வண்டியில், பிளாஸ்டிக் நாற்காலியில், நைட்டியின் மேல் ஈரத் துண்டோடு போய்க்கொண்டிருந்தார்.

வழியில் போன் வந்தது. இவர்தான். "வண்டியை எடுக்க முடியலை" என்றார். மூச்சு இரைத்தது. "முன்னால வரிசையா நிறுத்திருக்காங்க. நம்மது சுவரோரம் மாட்டிக்கிச்சு. இது யார் வண்டின்னே தெரியலை. குழுவுல போட்டேன், யாரும் பாக்கலை."

முதல் ஆளாகப் போய் நல்ல இடம் பிடித்ததற்குப் பலன் அதுதான். கைக்கெட்டினது வாய்க்கெட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அந்தப் பாலத்தின் மேல்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவில் ஒரு வண்டி போகத்தான் வழி இருந்தது. எங்கள் வண்டி ஊர்ந்து போனது. சுவருக்கும் முன்னால் நின்ற ஒரு காருக்கும் நடுவில், எங்கள் கிராஸ்ஓவரின் உறையைப் பாதி அவிழ்த்த நிலையில் இவர் நின்றுகொண்டிருந்தார். முன்னால் நின்ற காரை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்திருக்கிறார். கைத்தடம் அதன் ஈரக் கண்ணாடியில் இருந்தது. எங்களைப் பார்த்தார். தன் தாயைப் பிளாஸ்டிக் நாற்காலியில் பார்த்தார். ஒரு நிமிஷம் எங்களை அடையாளம் தெரியாதவர் மாதிரி நின்றார். பிறகு ஓடிவந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்பலகையைப் பிடித்து ஏறி, அத்தையின் இன்னொரு பக்கத்தைத் தாங்கிக்கொண்டார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. அத்தையின் பார்வை உறை அவிழ்ந்து நனைந்துகொண்டிருந்த காரின் மேல் இருந்தது.

பிழைத்துக்கொண்டார். ஆனால் டாக்டர் இந்தமுறை சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்று சொல்லவில்லை. பல நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். ஆக்சிஜன் முகமூடியை எடுத்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்பதுதான். என் கணவர் வெளியே போய்விட்டார். வராந்தாவில் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

தண்ணீர் வடிந்து, பாலம் காலியான பிறகு, அதே கிராஸ்ஓவரில்தான் அத்தையை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. சீட் அதே இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. ஆனால் இப்போது காலை உள்ளே எடுத்து வைக்க நான் உதவ வேண்டியிருந்தது. பாடகர் குழுவை விட்டுவிட்டார். வீட்டில் சில சமயம் முணுமுணுப்பார். வரியின் பாதியிலேயே நின்றுவிடும். மீதியை அவர் மனசுக்குள் பாடி முடிக்கும் வரை நாங்களும் காத்திருப்போம்.

இந்த வருஷம் மறுபடியும் மழை எச்சரிக்கை வந்தது. குழு விழித்துக்கொண்டது. "இந்தத் தடவை சீக்கிரம் போயிடுவோம் ஃப்ரெண்ட்ஸ்" என்று செயலாளர் போட்டார். போன தடவை நடந்தது அவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். பாதி வீடுகளிலிருந்து குழம்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான். ஆனாலும் மழை என்றால் கால் தானாகப் பாலத்துக்குப் போகிறது.

இவர் வண்டியைப் பாலத்துக்குக் கொண்டுபோகவில்லை. வெளியே பார்த்தபடி திருப்பி, வாசலில் நிறுத்தினார்.

"மேல விடலையா?" என்றார் அத்தை.

"இல்லம்மா. இங்கயே நிக்கட்டும்."

"தண்ணி வந்தா?"

"வரட்டும். முழங்கால் தண்ணியில போகும்."

"அதுக்கு மேல வந்தா? உங்கப்பா ஒத்தை ஒத்தையா சேர்த்து வாங்கின நிலம்டா. என் கண்ணு முன்னால அது முங்கிச் சாகணுமா?"

"நீ சாகறதை நான் பாக்கணுமா?" என்று இவர் கத்திவிட்டார். இத்தனை வருஷத்தில் தாயிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மூச்சு கொஞ்சம் ஏறியது. நாங்கள் இருவரும் பயந்துபோய் அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெல்லத் தணிந்தது.

பிறகு அத்தை சொன்னார்: "அப்போ ஒண்ணு செய். என்னையும் சேர்த்து மேல கொண்டுபோய் விடு."

சிரிக்கத்தான் தோன்றியது. ஆனால் அதில் தப்பு எதுவும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி மேடு. அன்று சாயங்காலம் மாத்திரைப் பெட்டி, ஃபிளாஸ்க், வேதாகமம், ரெண்டு போர்வை, இட்லி எல்லாம் எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் போய்ப் பாலத்தின் மேல் குடியேறினோம். இவர் சுவரோரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி இருக்கும் தாம்பரம் பக்கம் இறங்கும் முனையில், வெளிவரிசையின் கடைசியில், முன்னால் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தினார். அத்தையின் சீட்டைச் சாய்த்துவிட்டோம். தெரிந்தவர்கள் வந்து கண்ணாடியைத் தட்டி, "சௌக்கியமா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தை வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது போல ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். எவ்வளவு சொகுசான வண்டி அது என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

இருட்டத் தொடங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு புது செடான் தயங்கித் தயங்கி மேலே ஏறி வந்தது. நம்பர் பலகைகூட இன்னும் வரவில்லை. பானெட்டில் வாடாத மாலை. பாலம் முழுக்க நிறைந்துவிட்டிருந்தது. மிச்சமிருந்த ஒரே இடம் எங்களுக்கு முன்னால். அந்தக் காரிலிருந்து ஒருவர் இறங்கி, நனைந்துகொண்டே எங்களிடம் வந்தார்.

"சார், உங்க முன்னால விட்டுக்கறேன். எங்க தெருவுல தண்ணி ஏறிடுச்சு. விடிஞ்சதும் எடுத்துடறேன் சார்."

இவர் கதவைத் திறந்து இறங்கினார். எங்கள் வண்டிக்கு முன்னால் போய், அந்தக் காலி இடத்தின் நடுவில் நின்றார்.

"இங்க விடாதீங்க."

"போன வாரம்தான் சார் வாங்கினேன். தண்ணியில நிக்கணுமா சார்?"

"இங்க விடாதீங்க."

அந்த மனிதர் காருக்குள் பார்த்தார். சாய்ந்த சீட்டில் அத்தையைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நல்ல வசதியான குடும்பம், கொஞ்சம் இடம் கொடுக்க மனசில்லை என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அத்தை கண்ணாடியை இறக்கச் சொன்னார். மழைச் சாரல் உள்ளே அடித்தது. "பாவம், புது வண்டி போலிருக்கு" என்றார், நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு. "இடம் குடுப்பா."

இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழையில் அப்படியே நின்றார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கீழே இறங்கி, அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.